‘நோ சிக்னல்’ வந்தால் அவசரப்பட்டுச் செய்யக் கூடாதவை

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மொனிட்டர் இருண்டு ‘நோ சிக்னல்’ என்று காட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் தானாக வருகிறது, மறுநாள் திரும்பவும் போகிறது. நம் மலையகத்தில் பல வீடுகளில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். அதுவும் பிள்ளையின் படிப்புக்கென்று சீட்டுப் பிடித்து வாங்கியதாக இருக்கும். அந்த வீட்டில் காரணம் தெரியாமலே, படத்தை மொனிட்டருக்கு அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டுக்கோ, புது மொனிட்டருக்கோ காசைக் கொட்டிவிட்டு, அதே கோளாறோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனம் பொறுக்காது.

படம் போனவுடன் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. அந்த நிமிடத்தில்தான் தடயம் கிடைக்கும். கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டிப் பாருங்கள். கீபோர்டில் விளக்கு மாறி மாறி எரிந்தால், ஓடிய பாட்டும் நிற்காமல் கேட்டால், கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது. அப்போது சந்தேகப்பட வேண்டியவை கேபிள், மொனிட்டர், கார்ட், அந்தக் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஆகிய நான்கும்தான். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். அதில் படம் திரும்பி வந்தால் முதலில் டிரைவரைப் பாருங்கள். விளக்கு மாறவே இல்லை, பாட்டும் நின்றுவிட்டது என்றால் முழு மெஷினும் உறைந்துவிட்டது. ரெம் என்ற நினைவக அட்டை, உள்ளே கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை, சூடு என்று தேடல் வேறு பக்கம் போகவேண்டும். பிறகு விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து அதே நேரத்துக்கான பதிவின் எண்ணைத் தேடுங்கள். 4101 என்றால் டிஸ்பிளே டிரைவர் நின்று மீண்டிருக்கிறது. 41 என்றால் மெஷின் முறையாக நிற்காமல் அணைந்திருக்கிறது. நீங்களே பட்டனை அழுத்தி நிறுத்தினாலும் அந்த 41 விழும் என்பதால், அவசரமாக அணைப்பது தடயத்தையும் குழப்பிவிடும்.

அடுத்தது கரண்ட். இதைத்தான் நம் ஆட்கள் கடைசியாக நினைக்கிறார்கள். மூன்று ஓட்டை சொக்கெட்டின் மேல் ஓட்டையில் ஒரு குச்சியைச் செருகி, இரண்டு கால் பிளக்கை அழுத்திவிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அப்படிச் செய்தால் கம்ப்யூட்டருக்கு எர்த் கிடைக்காது. பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி கெபாசிட்டர்கள் வழியாக வெளி உலோகப் பெட்டியில் மின்னழுத்தம் ஏறி நிற்கும். கேஸைத் தொட்டால் விரலில் சுர்ரென்று பிடிப்பது அதனால்தான். அந்த நிலையில் மொனிட்டருக்குப் படம் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றி மாட்டினால் போர்ட்டே பழுதாகலாம். சொக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் செலவு வீண் போகாது.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னல் வரும்போது சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். பிளக்கையே கழற்ற வேண்டும். இன்டர்நெட் ரவுட்டரிலிருந்து வரும் வயரையும் கழற்ற வேண்டும். டிவியை மொனிட்டராக வைத்திருப்பவர்கள் டிஷ் அன்டனா வயரையும் கழற்றுங்கள். மின்னலின் வேகம் அந்த வயரில் இறங்கி, டிவி வழியாக எச்டிஎம்ஐக்குள் வந்து கார்டைக் கெடுத்துவிடலாம். ஆனால் இடி தலைக்கு மேல் முழங்கத் தொடங்கிய பிறகு வயரில் கை வைக்கக் கூடாது. வானம் கறுக்கும்போதே கழற்றிவிடுங்கள்.

கேம் விளையாடும்போது மட்டும் படம் போகிறதா? கார்டைக் குறை சொல்லுமுன் பவர் சப்ளையைப் பாருங்கள். கார்டைச் செருகும் மதர்போர்ட் ஸ்லொட் அதற்குக் கொடுப்பது 75 வாட் மட்டுமே. மிச்சம் 6 பின் வயரில் 75, 8 பின் வயரில் 150 என்று வரவேண்டும். மலிவான கன்வேர்ட்டர் வயரைப் போட்டு அதைச் சமாளிப்பது ஆபத்து. கரண்ட் போனால் கைகொடுக்கும் 650 விஏ யூபிஎஸ்ஸும் பெரும்பாலும் 360 வாட் அளவில்தான் தாங்கும்.

அடுத்தது ஈரம். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேல் பருவக்காற்றில் வாரக்கணக்கில் ஈரம் காயாது. பதுளைப் பக்கம் டிசம்பர் தொடங்கி அதே கதை. காலையில் போட்டால் படம் வராமல், இரண்டு மூன்று முறை அணைத்துப் போட்டபின் வந்தால், ரெம்மின் பொன்னிறக் கால்களில் படிந்த அழுக்கைத்தான் முதலில் நினைக்க வேண்டும். இங்கே நம்மவர்கள் செய்யும் தவறுகள் பல. வாயால் ஊதுகிறார்கள், எச்சிலின் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. உப்புத்தாளால் தேய்க்கிறார்கள், மேற்பூச்சே போய்விடுகிறது. அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்துக் காய வைக்கிறார்கள், குளிர்ந்த உலோகத்தில் அங்கிருக்கும் ஆவி நீராகப் படிகிறது.

பிளக்கைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைப் பத்து செக்கன் அழுத்தி மிச்சக் கரண்டை வெளியேற்றுங்கள். ரெம்மை ஓரத்தில் பிடித்து எடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் மெதுவான வெள்ளை அழிறப்பரால் கால்களை மேலிருந்து கீழாக மெல்லத் தேய்த்து, தூளை உலர்ந்த துணியால் தட்டுங்கள். திரும்பப் போடும்போது க்ளிப் டக்கென்று பூட்டும்வரை அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் கார்டின் கால்களுக்கும் இதே வைத்தியம்தான். இரவில் மெஷினைப் பொலித்தீனால் மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே அடைபடும். பருத்தித் துணி போதும்.

கேபிளுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. வேறொரு கேபிளில் ஒரு நாள் பாருங்கள். எச்டிஎம்ஐயைப் பழைய விஜிஏ இணைப்பாக மாற்றும் சின்னக் கன்வேர்ட்டர் நடுவில் இருந்தால் அதை எடுத்துவிட்டு நேராக மாட்டிப் பாருங்கள். மொனிட்டர் 144 ஹேர்ட்ஸில் (ஒரு செக்கனுக்கு 144 முறை படத்தைப் புதுப்பித்து) ஓடினால் 60க்கு இறக்குங்கள். அதில் கோளாறு நின்றுபோனால் கேபிள்தான் பெரும்பாலும் சந்தேகத்துக்குரியது. கார்ட் இருக்கும்போது மதர்போர்ட்டின் போர்ட்டில் மாட்டிவிட்டுப் படம் வரவில்லை என்று கலங்குபவர்களும் உண்டு, அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் ஒரே நாளில் செய்துவிடாதீர்கள். கேபிளையும் ரெம்மையும் டிரைவரையும் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. மறுபடி வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

டவுனில் உள்ள கடைக்குக் கொண்டுபோகும் நிலை வந்தால், பாரமான கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகச் சுற்றிக்கொள்ளுங்கள். நம் பாதையின் வளைவுகளில் பஸ்ஸின் குலுக்கல் ஸ்லொட்டையே உடைத்துவிடும். வீட்டில் பாவிக்கும் அதே கேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள். படம் எப்போது போகிறது, அப்போது கேப்ஸ் லாக் விளக்கு எரிந்ததா, எந்த எண் பதிவாகியிருந்தது என்று ஒரு தாள் துண்டில் எழுதிக் கொடுங்கள். கடைக்காரர் நல்லவராக இருந்தால், முதலில் அதைத்தான் கேட்பார்.