வன்னியில் எண்ணெய்க்குச் சூரியகாந்தி: விதையும் விதைக்கும் நாளும்

இரண்டு தடவை பிழைத்து, மூன்றாம் தடவைதான் எனக்குச் சரிவந்தது. கிளிநொச்சிப் பக்கம் கால் ஏக்கர் சிவப்பு மண், ஒரு கிணறு. உழவு, இறைப்பு எல்லாம் மிளகாய்த் தோட்டத்துக்குச் செய்வது போலத்தான், அதை விட்டுவிடுகிறேன். எண்ணெய் எங்கே கூடுகிறது, எங்கே நழுவிப்போகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

1. விதை

வெள்ளைக் கோடு போட்ட பெரிய விதை கொறிப்பதற்கு. அதன் கோது தடிப்பு, எண்ணெய் 25 முதல் 35 வீதம்தான். எண்ணெய்க்கு வேண்டியது சிறிய கறுப்பு விதை, 40 வீதத்துக்கு மேல் இருக்கும். இந்த வித்தியாசம் பசளையால் வருவதில்லை, பரம்பரையில் இருப்பது. ரஷ்யாவில் புஸ்தவோயித் என்ற பயிர் விஞ்ஞானி பல பத்தாண்டுகள் நல்ல செடிகளையே தெரிந்தெடுத்து, 30 வீதமளவில் இருந்த எண்ணெயை 50 வரை உயர்த்தினார். அந்த உயர்வில் பெரும் பங்கு கோது மெலிந்ததால் கிடைத்தது.

வாங்கும் விதையை நீங்களே சோதிக்கலாம். நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள், எனக்கு இதைவிட உதவிய கருவி வேறில்லை. 100 விதையை நிறுத்து, கோதை உடைத்து, பருப்பை மட்டும் திரும்ப நிறுங்கள். கோது கால் பங்கு என்றால் நல்ல விதை. பாதிக்குக் கிட்ட வந்தால் எண்ணெய்க்கு ஆகாது.

முதல் வருடம் கலப்பின விதை போட்டேன், செடி நன்றாக வளர்ந்தது. அதிலிருந்தே விதை எடுத்து மறு வருடம் போட்டேன். ஒன்று ஆளுயரம், ஒன்று இடுப்பளவு, பூத்த நாளும் வேறு வேறு. பெற்றோர் இரண்டின் குணமும் அடுத்த தலைமுறையில் பிரிந்துவிடும், அதுதான் காரணம். விதை எடுத்து வைக்க விரும்பினால் கலப்பினம் அல்லாத தெரிவு வகையை வாங்குங்கள்.

2. நாள்

என்னை விழுத்தியது இதுதான். சித்திரையில் விதைத்தேன். ஆனியில் பூத்தது, சோளகம் அடித்த காய்ந்த வெயிலில் விதை முற்றியது. பூ பெரிது, விதை இலேசு.

பூத்த பிறகு வரும் முப்பது, நாற்பது நாட்களில்தான் விதைக்குள் எண்ணெய் சேருகிறது. அந்த நேரம் வெப்பம் கடுமையாக இருந்தாலோ, நிலம் காய்ந்தாலோ எண்ணெய் வீதம் இறங்கும். எண்ணெயிலுள்ள இரண்டு முக்கிய கொழுப்பமிலங்களின் அளவும் மாறும்: சூட்டில் முற்றினால் ஒலெயிக் அமிலம் கூடும், குளிரில் லினோலெயிக் கூடும். ஒலெயிக் கூடுதலாக இருக்கும்படி உருவாக்கிய வகைகளில் மட்டும் இந்த மாற்றம் சிறிது.

ஆகவே நாளைப் பூவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பூக்க ஏறத்தாழ 60 நாள். பொங்கலுக்கு முதல் விதைத்தால் மாசிக் கடைசியில் பூக்கும், பங்குனியில் முற்றும், சித்திரை வெயிலுக்கு முன் வெட்டலாம். மாரி ஈரமும் மண்ணில் இருக்கும். தண்ணீர் குறைவென்றால் மொட்டு வரும்போதும் பூக்கும்போதும் விதை முற்றும்போதும் இறைப்பைத் தவறவிடாதீர்கள், மற்ற நாட்களில் மிச்சம் பிடியுங்கள்.

3. நடுகை, பசளை

வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி 1 அடி. குழிக்கு இரண்டு விதை, பத்து நாள் கழித்து ஒன்றைப் பிடுங்குங்கள். ஐதாக நட்டுப் பெரிய பூ எடுக்க ஆசைப்படாதீர்கள், நடுவில் பதர்தான் கூடும். யூரியாவை அளவுக்கு மிஞ்சிக் கொட்டினால் இலை கறுத்து வளரும், எண்ணெய் வீதம் குறையும்.

4. தேனீ

நுளம்பு வலையால் நாலு பூவை மூடிப் பாருங்கள், நானும் செய்தேன். மூடியதில் பாதிக்கு மேல் பதர். தேனீ குறைந்த தோட்டமென்றால் காலை எட்டு மணிக்குப் பிறகு மெல்லிய துணி சுற்றிய கையால் பூக்களைத் தடவுங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள். பூச்சிமருந்தைப் பூத்த காலத்தில் காலையில் அடிக்கவே வேண்டாம். வெளி இதழ் விரியும்போது லீட்டருக்கு 2 கிராம் வெண்காரம் (போராக்ஸ்) கரைத்து ஒருமுறை தெளிப்பதும் பதரைக் குறைக்கும்.

5. வெட்டு

பூவின் பின்புறம் மஞ்சளாகிக் கபிலமாக மாறத் தொடங்கினால் வெட்டிப் படங்கில் காயவிடுங்கள். கிளிகள் தின்றுவிடும், அதனால் அதற்கு மேல் காத்திருக்க முடியாது.

பிற்சேர்க்கை: பூநகரிப் பக்கம் வயல் மண்ணில் விதைத்த ஒரு வாசகர் விதை அழுகியதாக எழுதினார். களிமண்ணில் பொங்கலுக்கு முதல் என்ற என் கணக்கு பொருந்தாது. மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தால் உதிர வேண்டும், அதுவரை பொறுங்கள், மேட்டுப்பாத்தி கட்டுங்கள்.

இன்னொருவர் செக்கில் எண்ணெய் மிகக் குறைவாக வந்ததென்றார். விதையில் உள்ளது எல்லாம் செக்கில் வராது, பிண்ணாக்கில் கணிசமாக நிற்கும். முதலில் அந்தப் பிண்ணாக்கைக் கையில் நசுக்கிப் பாருங்கள். விரல் பிசுபிசுத்தால் குறை உங்கள் தோட்டத்தில் இல்லை.