நாயோடு பாதையில்லா மலையேற்றம்: கேட்ஸ்கில் முகடுகளுக்கு

நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைகளில் 3,500 அடிக்கு மேலுள்ள பல முகடுகளுக்கு அடையாளமிட்ட பாதையே கிடையாது. ஹால்காட், ரஸ்க், லோன், ராக்கி, பால்சம் கேப், ஃப்ரைடே எல்லாம் இந்த வகை. வரைபடமும் திசைகாட்டியும் பார்த்து, புதரை விலக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். நாயைக் கூட்டிப்போவதென்றால் வழியை நாயின் உடம்புக்குத் தகுந்தபடி போட வேண்டும். நீங்கள் நுழைய முடியாத கிளைச் சந்தில் அது சுலபமாக நுழையும். நீங்கள் கைவைத்து ஏறும் பாறையில் அதற்குப் பிடிமானமே இருக்காது.

முதல் மலையாக ஹால்காட்டை எடுங்கள். நெடுஞ்சாலை 42-இல் வண்டியை நிறுத்தி ஏறலாம். காடு பெரும்பாலும் இலையுதிர் மரங்கள்தான், இடைவெளி விட்டு நிற்கும். ஃப்ரைடே, பால்சம் கேப் இரண்டையும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சுவர்போல நிற்கும் பாறைத் தட்டுகளும், ஸ்ப்ரூஸ், ஃபிர் என்ற அடர்ந்த ஊசியிலை மரங்களும் சேர்ந்தே வரும். டபிள்டாப், கிரஹாம் முகடுகள் இரண்டும் தனியார் நிலம். 2021 முதல் யாருக்கும் அனுமதி இல்லை.

பனி கரைந்த ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடு வரையிலும், அக்டோபரிலும் போவது நல்லது. ஜூலை, ஆகஸ்டில் தரையெல்லாம் பட்டால் அரித்தெரியும் காட்டுச் செந்தட்டி இடுப்பளவு வளர்ந்துவிடும். நமக்குக் கனமான பேன்ட் இருக்கிறது; நாய்க்கு அடிவயிறும் மூக்கும் அப்படியே படும். முனகிக்கொண்டு பாதத்தை நக்கினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நவம்பர் மூன்றாம் சனிக்கிழமை துப்பாக்கியோடு மான் வேட்டை தொடங்குகிறது. பழுப்பு நிற நாயைப் புதருக்குள் மானென்று நினைக்க ஒரு நொடி போதும். அந்தப் பருவத்தில் போகாமலிருப்பதே மேல். மற்ற நாட்களிலும் பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடையும் ஒரு மணியும் கட்டாயம்.

கழுத்துப்பட்டை வேண்டாம். ஒடிந்த கிளைக்குச்சியில் மாட்டினால் நாய் தொங்கிப் போகும். முதுகில் கைப்பிடியும் வயிற்றுக்கடியில் இரண்டு வாரும் உள்ள ஹார்னெஸ் போடுங்கள். தொங்கும் வில்லைக்குப் பதிலாக உங்கள் தொலைபேசி எண்ணை அதன்மேலேயே தைத்துவிடுங்கள். ஸ்ப்ரூஸ் காட்டில் நீளக் கயிறு மரத்தைச் சுற்றிச் சிக்கிக்கொள்ளும். ஆகவே கயிறில்லாமல்தான் நடக்க வேண்டிவரும். மான் ஓடும்போதும் கூப்பிட்டால் திரும்பிவருகிற நாய்தான் இதற்குத் தயார். வராத நாயை அடையாளமிட்ட பாதைகளிலேயே இன்னும் ஒரு வருடம் பழக்குங்கள்.

வழி போடும்போது கவனிக்க வேண்டியது பாறைத் தட்டுகள். கேட்ஸ்கில் பாறை கிடைமட்டமாக அடுக்கடுக்காய் அமைந்தது. சரிவு திடீரென்று பத்து, பதினைந்து அடிச் சுவராக நிற்கும். வரைபடத்தில் சமஉயரக் கோடுகளுக்கு இடையே 20 அடி இடைவெளி. பதினைந்து அடிச் சுவர் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துவிடும். விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சித் தரையின் மேடுபள்ளத்தைக் காட்டும் லைடார் படத்தில் அது மெல்லிய கருங்கோடாகத் தெரியும், அதையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இங்கே திசைகாட்டி முள் உண்மையான வடக்கிலிருந்து மேற்கே சுமார் 13 பாகை விலகி நிற்கும். வரைபடத்தில் 270 என்றால் திசைகாட்டியில் 283. இதைத் திருத்தாமல் ஒரு கிலோமீட்டர் நடந்தால் இருநூறு மீட்டருக்கு மேல் விலகிப்போவீர்கள்; இறங்கும்போது வேறு ஓடைப் பள்ளத்தில் போய் நிற்பீர்கள்.

பாறைத் தட்டை எட்டியதும் நேராக ஏறப் பார்க்காதீர்கள். அடிவாரத்தை ஒட்டியே பக்கவாட்டில் நடங்கள். சிறு நீரோடை அறுத்த இடத்தில் ஏறத்தக்க உடைப்பு இருக்கும். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஒருவர் மேலே நின்று கைப்பிடியைப் பிடிக்க, மற்றவர் பின்னங்கால்களுக்கடியில் உள்ளங்கை கொடுத்துத் தாங்க வேண்டும். நெஞ்சுயரத்துக்கு மேல் தூக்கவே வேண்டாம். இறக்க முடியாத இடத்தில் ஏற்றாதீர்கள். கண்டுபிடித்த உடைப்பை ஜிபிஎஸ்ஸில் குறித்துவையுங்கள். திரும்பும்போது தட்டு மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது, விளிம்புக்கு வந்தபிறகுதான் தெரியும். முன்னால் ஓடும் நாய் அங்கேதான் விழும். இறக்கத்தில் அதைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். வழி அடையாளத்துக்காக ரிப்பன் கட்டுவதும் கிளை வெட்டுவதும் கூடாது.

உச்சிக்கருகே ஸ்ப்ரூஸ் நெருங்கினால் மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூட நகராது. அங்கே நாயை இரண்டு மீட்டர் தள்ளி வரச்செய்யுங்கள். நீங்கள் ஒதுக்கிவிட்ட கிளை விசிறியடித்துத் திரும்பும்போது சரியாக அதன் முகத்தில் படும். மரத்தின் அடியில் பட்டுப்போன குச்சிகள் கூர்மையாக நிற்பதும் நாயின் கண் மட்டத்தில்தான். 30 மில்லி உப்புநீர்க் குப்பி ஒன்று பையில் இருக்கட்டும். கழுவிய பிறகும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டே நடந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். விழிப்படலக் கீறல் காத்திருக்காது.

முகட்டில் தண்ணீர் கிடைக்காது. 20 கிலோ நாய்க்கு இரண்டு லிட்டர் தனியாகச் சுமந்து, அரைமணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நாக்கு அகன்று கரண்டி போலத் தொங்கி, நின்ற இடமெல்லாம் நிழலில் படுத்தால் சூடு ஏறிவிட்டது. வயிறு, உள்தொடை, பாதங்களை நனைத்து, ஆறியதும் இறங்குங்கள். உச்சி எங்கும் போய்விடாது.

நாயின் உடம்பில் முள்ளம்பன்றி முட்கள் குத்தியிருந்தால் அவற்றை வெட்டாதீர்கள். முனையில் நுண்ணிய கொக்கிகள் உண்டு. வெட்டினால் பிடிக்க இடமில்லாமல் போகும். முன்னங்கால்களை ஒருவர் பிடித்துக்கொள்ள, தோலை ஒட்டி இடுக்கியால் பற்றி நேராக இழுங்கள். வாய்க்குள் குத்தியிருந்தால் எடுக்கப் பார்க்காமல் இறங்கிவிடுங்கள். கால் ஒடிந்த நாயைத் தோளில் போட்டுக்கொண்டு புதருக்குள் மூன்று கிலோமீட்டர் இறங்குவது தனியாளால் ஆகாது. துணித் தூளி ஒன்று எடுத்துப்போங்கள், அதில் நாயைப் படுக்கவைத்து வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது. திரும்பும் நேரத்தை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

வீடு திரும்பிய இரவு விரலிடுக்கு, காதுமடல், அக்குள், தொடையிடுக்கு, ஹார்னெஸ் உரசிய இடம் எல்லாம் விரலால் தடவி உண்ணி பாருங்கள். மே, ஜூனில் இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். கண்ணைவிட விரல்நுனிக்குத்தான் முதலில் தட்டுப்படும். உண்ணி பரப்பும் லைம் நோயின் கிருமி பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருக்கும் உண்ணியிலிருந்துதான் இறங்குகிறது. அதனால் மறுநாள் காலையிலும் ஒருமுறை தடவிப்பாருங்கள்.