வாக்குத்தத்த அட்டையும் பதினொரு பவுனும்

போன மாதம், சபையில் நான் எடுக்கிற திடப்படுத்தல் வகுப்புப் (பிள்ளைகளை விசுவாசத்தில் உறுதிப்படுத்துகிற வகுப்பு) பையன் ஒருவன் தன் வேதவாசிப்பு அட்டவணையைக் கொண்டுவந்து காட்டினான். ஜனவரி 1 தொடங்கி ஒவ்வொரு கட்டத்திலும் நீல மையில் டிக். பைபிளின் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தின் 11ஆம் அதிகாரத்தோடு டிக் நின்றுவிட்டது. அதற்கப்புறம் டிசம்பர் வரை எல்லாம் வெள்ளைக் கட்டம். "பாக்கவே கஷ்டமா இருக்கு சார், அதான் பைபிளையே எடுக்கிறதில்ல" என்றான்.

அதே மாதிரி பாதியில் நின்ற மூன்று அட்டவணைகள் என் பீரோவிலும் கிடக்கின்றன. ஒன்று நான் மாப்பிள்ளையான வருஷத்தது.

ஜெபிக்கும்போது போனைத் தள்ளி வை, ஆராதனைக்கு நேரத்தோடு வா என்பதெல்லாம் இங்கே வராது. அதை உங்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். உண்மையான ஆர்வத்தோடு தொடங்குகிறவர்கள் விழுகிற குழிகள் வேறே. வகுப்பு எடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒவ்வொரு தொகுதிப் பிள்ளைகளும் அதே குழிகளில் வரிசையாக விழுவதைப் பார்க்கிறேன். நான் விழாத குழி ஒன்றுகூட அதில் இல்லை.

விட்டதைப் பிடிக்க ஓடுவது

வேதாகமத்தில் 66 புத்தகம், 1189 அதிகாரம். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். இந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 என்று கதையாக ஓடி முடித்து, ஜனவரிக் கடைசியில் லேவியராகமத்துக்குள் நுழைகிறோம். பலி, கொழுப்பு, குஷ்டம், எந்த மிருகத்தைப் புசிக்கலாம், எதைப் புசிக்கக் கூடாது. அங்கே ஒரு நாள் தவறும். மறுநாள் ஆறு அதிகாரம். அதற்கடுத்த நாள் ஒன்பது. நான்காம் நாள் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும்.

விட்டதை விட்டுவிடுங்கள். இன்றைய தேதிக்கு என்ன கட்டமோ அதை வாசியுங்கள். புதிதாக ஆரம்பிக்கிறவர் மாற்கிலிருந்து தொடங்கலாம், 16 அதிகாரம்தான். சங்கீதம் என்றால் நாளைக்கு ஐந்து வீதம் 30 நாளில் 150ஐயும் சுற்றி வந்துவிடலாம். 119ஆம் சங்கீதம் வருகிற அன்று மட்டும் கொஞ்சம் சீக்கிரம் உட்காருங்கள், 176 வசனம்.

அதிகாலை நான்கு மணி

இரவு பன்னிரண்டுக்குப் படுக்கிறவருக்கு இந்த நேரத்தில் எழுந்து ஜெபிப்பது வேண்டாம்.

வாக்குத்தத்த அட்டையை வைத்து முடிவெடுப்பது

இதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே இன்னும் எனக்கு எரிச்சல் வருகிறது.

2008 டிசம்பர் 31 இரவு ஆராதனை. பன்னிரண்டு அடித்து, பாட்டுப் பாடி, ஒருவருக்கொருவர் கைகொடுத்து முடிந்ததும், புது வருஷத்துக்கான வாக்குத்தத்தம் என்று ஆளுக்கொரு வசன அட்டை எடுக்கிற பெட்டி வரிசை வரிசையாக வந்தது. நான் எடுத்த அட்டையில் ரோஜாப்பூப் படம், கீழே எரேமியா 29:11. கர்த்தர் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகள் சமாதானத்துக்கேதுவானவை, "எதிர்பார்த்திருக்கும் முடிவை" அவர் கொடுப்பார் என்கிற வசனம். அப்போது நான் எதிர்பார்த்திருந்த முடிவு ஒன்றே ஒன்று: வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஸ்கிரீன் பிரிண்டிங் கடை. கல்யாணப் பத்திரிகை, கைப்பை, ஸ்டிக்கர்.

என் மாமியார் மட்டும் கேட்டார், "மாப்ள, கணக்குப் போட்டுப் பாத்தீங்களா?" என்று.

"கர்த்தர் வாக்குக் கொடுத்திருக்காரு அத்தை" என்றேன். இதற்கு மேல் எந்த மாமியார் என்ன பேச முடியும்? அந்த ஒரு வரியில் அவர் வாயையும் அடைத்தேன், என் மூளையையும் அடைத்தேன். மனைவியின் பதினொரு பவுன் அடகுக்குப் போனது. அதே தெருவில் ஏற்கெனவே இரண்டு அச்சகங்கள் இருந்ததை நான் எண்ணவில்லை. மின்வெட்டு நேரத்தையும் எண்ணவில்லை. மை காயாத பத்திரிகைகளைக் கொடியில் காயப்போட்டுவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்த சாயங்காலங்கள் எத்தனையோ. பதினான்காவது மாதம் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்தேன். வட்டி ஏறி நகையும் மூழ்கிப்போனது.

நகை போனதைக்கூட ஒருமாதிரி தாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நான் கடவுளோடு பேசவில்லை. வாக்குக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று கோபம். கோவிலுக்குப் போவேன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவேன். இந்தத் தவறின் முழு விலை அதுதான்.

பிறகு ஒருநாள் வகுப்புக்காக அந்த 29ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். அது ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோன கைதிகளுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதியனுப்பியது. 5ஆம் வசனத்தில் வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்கிறார். 6இல் பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள் என்கிறார். அதாவது இப்போதைக்கு ஊர் திரும்ப முடியாது. 10ஆம் வசனத்தில் காலக்கெடுவும் இருக்கிறது: எழுபது வருஷம். கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் அந்த முடிவைப் பார்க்காமலே செத்திருப்பார்கள்.

என் அட்டையில் 11 இருந்தது. 10 இல்லை.

ஒரு அதிகாரம் முன்னால் போனால் அனனியா என்று ஒருவர் வருகிறார். இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் நின்று சொன்னவர். பாபிலோனுக்கு அடிமைப்பட்டதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டினார். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! நான் எரேமியாவின் வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு அனனியாவின் செய்தியை நம்பியிருக்கிறேன்.

பின்னாட்களில் அட்டை பிரித்து அடுக்குகிற வேலைக்கு நானே உட்கார்ந்தேன். புலம்பல் புத்தகத்தில் 154 வசனம். என் கைக்கு வந்ததெல்லாம் 3ஆம் அதிகாரத்தின் அந்த இரண்டு மூன்று வசனம்தான், கர்த்தருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை என்கிற இடம். மீதியை யார் அச்சடிப்பார்கள், யார் வாங்குவார்கள்?

அட்டை எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை, நானும் எடுக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அந்த வசனத்துக்கு முன்னால் பத்து, பின்னால் பத்து வாசியுங்கள். யார், யாருக்கு, எந்த நிலைமையில் சொன்னது என்று அட்டையின் பின்பக்கம் எழுதுங்கள். கடன், கல்யாணம், வேலை மாற்றம் என்று வந்தால் லூக்கா 14:28ஐப் பாருங்கள். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். என் மாமியார் கேட்டதும் அதைத்தான். உங்களிடம் "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய ஒருவரையாவது கேளுங்கள். கேட்ட பிறகு வசனத்தைக் காட்டி அவர் வாயை அடைக்காதீர்கள்.

கண்ணை மூடி, விரலை வைத்து, "இன்றைக்கு என்ன வசனம்" என்று பார்ப்பது

மளிகைச் சீட்டைக்கூட யாரும் அப்படி வாசிப்பதில்லை.

குடும்ப ஜெபத்தில் குற்றப்பத்திரிகை

ராத்திரி எட்டரை. பாய் விரித்தாயிற்று, பாட்டு முடிந்தாயிற்று. அப்பா ஆரம்பிக்கிறார்: "ஆண்டவரே, இந்தப் பிள்ளை கணக்கிலே 42 வாங்கியிருக்கிறான். நீர் அறிவீர்." ஆண்டவர் அறிவார், சரி. பக்கத்து வீட்டுக்காரரும் இப்போது அறிந்துகொண்டார். என் மகள் ஆறாவது படிக்கும்போது ஆமென் சொன்ன கையோடு, "இத நேரா என்கிட்டயே சொல்லியிருக்கலாம்லப்பா" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஜெபத்தைத் தொடங்குவது அவள். மூன்று நிமிஷத்தில் முடித்துவிடுவாள். சில நாள் மழை வர வேண்டும் என்று கேட்பாள், சில நாள் தெருநாய்க்குக் கால் சரியாக வேண்டும் என்று.

உபவாசம்

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு இருங்கள். மற்றவர்கள், இருப்பதை ஊருக்குச் சொல்லாமல் இருங்கள்.

காணிக்கைக் கவரும் சம்பளப் பாக்கியும்

தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை, மாதம் முதல் ஞாயிறே கவரில் போட்டுவிடுகிறோம். வீட்டுவேலைக்கு வருகிற அக்காவின் சம்பளம் மட்டும் "பத்தாம் தேதி பாத்துக்கலாம்" என்று நிற்கும். எங்கள் வீட்டிலும் நின்றது. கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்பது லேவியராகமம் 19:13. அந்தப் பையனுடைய டிக் நின்ற இடத்திலிருந்து எட்டு அதிகாரம் தள்ளி. அடுத்த ஞாயிறு அவனை அந்த ஒரு அதிகாரத்தை மட்டும் வாசித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.