555 மினுக்கவில்லையா? பற்றவைத்த பலகையில் பழுதைத் தேடும் முறை

555 என்னும், காலக்கணக்கை அமைக்கும் எட்டுக் கால் ஐசியைக் கொண்டு ஓர் எல்இடியை மினுக்கவைக்கும் சுற்று, சால்டரிங் (பாகங்களைப் பலகையில் பற்றவைத்தல்) கற்பவர்கள் பெரும்பாலும் முதலில் கட்டிப் பார்ப்பது. பேட்டரியை மாட்டியதும் அது மினுக்காவிட்டால், ஐசி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிப் புதியது வாங்கச் செல்வதே பலரது வழக்கம். 1972 முதல் விற்பனையில் இருக்கும் இந்த ஐசி அவ்வளவு எளிதில் கெடுவதில்லை; பழுது பெரும்பாலும் சரியாகப் பிடிக்காத ஓர் இணைப்பிலோ, இடம் அல்லது திசை மாறிய ஒரு பாகத்திலோ இருக்கும். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன், பழுது எங்கே என்று அளந்து அறிவதே முறை.

இங்கே நாம் எடுத்துக்கொள்ளும் சுற்றில் 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனை ஐசியின் 8-ஆம் காலுக்கும் எதிர்முனை 1-ஆம் காலுக்கும் செல்கின்றன. 8-க்கும் 7-க்கும் இடையே 10 கிலோ ஓம், 7-க்கும் 6-க்கும் இடையே 68 கிலோ ஓம் மின்தடைகள் உள்ளன. 6-உம் 2-உம் இணைந்து, 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாக எதிர்முனையைச் சேர்கின்றன. 4-ஆம் கால் 8-உடன் சேர்ந்துள்ளது. 3-ஆம் காலிலிருந்து 470 ஓம் மின்தடை வழியாக எல்இடி எரிகிறது. இந்த மதிப்புகளுக்கு விநாடிக்கு ஏறத்தாழ ஒரு முறை மினுக்க வேண்டும்.

படி 1: பாகங்களைச் சரிபார்த்தல்

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசியின் பள்ளம் பலகையில் அச்சிட்ட பள்ளத்தின் பக்கமே இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளம் மேலே இருக்கும்படி வைத்தால் இடது மேல் மூலையில் இருப்பது 1-ஆம் கால். எண்கள் அங்கிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் செல்லும். மின்தேக்கியில் பட்டை போட்ட பக்கம் எதிர்முனை. எல்இடியில் நீளமான கால் நேர்முனை. காலை வெட்டிய பிறகு, விளிம்பு தட்டையாக இருக்கும் பக்கத்தை எதிர்முனையாகக் கொள்ளலாம்.

மின்தடையின் நிறப்பட்டைகளில் சிவப்பும் ஆரஞ்சும் மங்கலான வெளிச்சத்தில் ஒன்றுபோலவே தெரியும். நீலம், சாம்பல், ஆரஞ்சு என்றால் 68 கிலோ ஓம். மூன்றாவது பட்டை சிவப்பானால் 6.8 கிலோ ஓம்தான். அதைப் போட்டிருந்தால் எல்இடி விநாடிக்கு ஆறு முறை படபடக்கும்.

படி 2: இணைப்புகளைப் பார்த்தல்

நல்ல இணைப்பில் ஈயம் (பற்றவைக்க உருக்கும் உலோகக் கலவை) துளையைச் சுற்றியுள்ள செம்பு வளையம் முழுவதும் பரவி, காலை நோக்கி உள்வளைந்து ஏறியிருக்கும். காலைச் சுற்றி உருண்டையாக நின்றால், கால் சூடாகியும் வளையம் போதிய அளவு சூடாகவில்லை என்று பொருள். எதிர்முனைக்கான அகலமான செம்புப் பரப்பில் இது அடிக்கடி நேரும். அப்பரப்பு வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் அங்கே அயனை (பற்றவைக்கும் சூட்டுக்கோலை) சற்றுக் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். 60/40 ஈயத்தில் (60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்தது) மங்கிச் சொரசொரப்பாகத் தெரியும் இணைப்பு சந்தேகத்துக்குரியது. காரீயம் கலவாத கம்பியில் நல்ல இணைப்பும் மங்கலாகவே இருக்கும் என்பதால், அங்கே பளபளப்பை நம்பாமல் வடிவத்தைப் பாருங்கள்.

படி 3: மின்சாரம் இல்லாமல் சோதித்தல்

மல்ட்டிமீட்டரை ஒலி எழுப்பும் தொடர்ச்சி நிலையில் வைத்து, ஒரு முனையை ஐசியின் காலிலும் மறுமுனையை அது சென்று சேர வேண்டிய பாகத்தின் காலிலும் தொடுங்கள். முனையை ஈயத்தின் மீது அழுத்தக் கூடாது. அந்த அழுத்தமே விட்டுப்போன இணைப்பைத் தற்காலிகமாகச் சேர்த்துவைத்துச் சோதனையைப் பொய்யாக்கிவிடும். பிறகு அடுத்தடுத்த கால்களைச் சோதியுங்கள்: இந்தச் சுற்றில் பக்கத்துப் பக்கத்துக் கால்கள் எவையும் ஒன்றோடொன்று சேர்ந்தவை அல்ல என்பதால், அங்கே ஒலி கேட்டால் ஈயம் பாலமிட்டிருக்கிறது.

படி 4: மின்சாரத்துடன் அளத்தல்

கறுப்பு முனையை 1-ஆம் காலில் வைத்து, சிவப்பு முனையால் 8-ஆம் காலையும் 4-ஆம் காலையும் தொட்டால் இரண்டிலும் 9 வோல்ட் காட்ட வேண்டும். அடுத்து 2-ஆம் காலைத் தொடுங்கள். என் கணிப்பில் இந்தச் சுற்றிலேயே மிகுந்த செய்தியைத் தரும் புள்ளி இதுதான். மின்தேக்கி நிறைந்து வடிவதற்கேற்ப இங்கே மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்கும் 6 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்க வேண்டும்.

அப்படி ஏறி இறங்கியும் எல்இடி எரியவில்லை என்றால், ஐசியையும் காலக்கணக்கை அமைக்கும் பாகங்களையும் விட்டுவிட்டு, 3-ஆம் காலுக்குப் பிந்தைய இணைப்புகளையும் எல்இடியின் திசையையும் மட்டும் பாருங்கள். 9 வோல்ட் வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டால், மின்தேக்கி வடிவதற்கான வழியாகிய 7-ஆம் கால் பலகையைத் தொடவில்லை. ஏறாமல் தாழ்ந்தே கிடந்து எல்இடியும் அணையாமல் எரிந்தால், இரு மின்தடைகளில் ஒன்றின் இணைப்பு விட்டிருக்கிறது, அல்லது மின்தேக்கியின் இரு கால்களும் ஈயத்தால் சேர்ந்திருக்கின்றன. மீட்டர் இடைப்பட்ட ஓர் எண்ணில் அசையாமல் நிற்க, எல்இடி மங்கலாகத் தொடர்ந்து எரிந்தால், மின்தேக்கியின் இணைப்புதான் விட்டிருக்கிறது. அது இல்லாத சுற்று கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுக்கிக்கொண்டிருக்கிறது.

படி 5: திருத்துதல்

பேட்டரியைக் கழற்றிவிட்டு, கண்டறிந்த இணைப்பை மட்டும் தொடுங்கள். எல்லா இணைப்புகளையும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மறுபடி சூடாக்கினால் செம்பு வளையங்கள் பெயர்ந்துவிடும். 60/40 ஈயம் 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும் என்றாலும், அயன் முனை 320 முதல் 350 டிகிரி வரை இருப்பதே வசதி. முதலில் ஈயம் நன்கு பரவ உதவும் ரோசின் ஃப்ளக்ஸைச் சிறிது தடவி, முனையை வளையமும் காலும் சேருமிடத்தில் இரண்டு மூன்று விநாடி வைத்து, கொஞ்சம் புது ஈயம் ஊட்டுங்கள். அது உறையும் வரை பாகத்தை அசைக்காதீர்கள். குழாய் வேலைக்குரிய அமில ஃப்ளக்ஸ் செம்பை அரிக்கும் என்பதால் அது வேண்டாம். பாலமிட்ட ஈயத்தின் மேல் செம்புப் பின்னலை வைத்துச் சூடாக்கினால் அது உறிஞ்சிக்கொள்ளும்.

8-இலும் 4-இலும் 9 வோல்ட் இருந்து, 2-ஆம் காலில் 3 வோல்ட்டுக்குக் குறைவாக இருந்தும், 470 ஓம் மின்தடையின் ஒரு காலைக் கழற்றிய நிலையில்கூட 3-ஆம் கால் சுழியத்திலேயே கிடந்தால், அப்போதுதான் ஐசியைக் குற்றம் சொல்லலாம். அதை முழுதாகப் பிடித்து இழுக்காமல், உடலை ஒட்டிக் கால்களை வெட்டி ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 8 கால் சாக்கெட் ஒன்றைப் பற்றவைத்து, அதில் புதிய ஐசியைச் செருகுங்கள்.