நீளமான சோக ஆல்பத்தை எப்படிக் கேட்பது?

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' (1975) ஆல்பத்தைக் கேட்கப் போகிறீர்களா? ஷஃபிளை அணைத்துவிட்டு, சுமார் 44 நிமிடத்தையும் ஒரே மூச்சில் கேளுங்கள். முட்டம் பாறையில் உட்கார்ந்து கேட்கலாம் என்று தோன்றும். வேண்டாம், மெல்லிய தொடக்கத்தைக் கடல்காற்று விழுங்கிவிடும். ராத்திரி வீட்டில் ஹெட்போனோடு கேட்பதே சரி.

முதல் பாட்டில் குரல் வர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், ஓட்டிவிடாதீர்கள். நாலாவது நிமிடத்தை ஒட்டி கிடாரில் நாலே சுரம் தனியாக ஒலிக்கும். எனக்கு அங்கேயே நெஞ்சு கனத்துவிடும்! மனநிலை பாதித்து இசைக்குழுவை விட்டுப் போன தோழர் சிட் பாரெட்டை நினைத்து உருவான பாட்டு அது. அதன் மீதிப் பகுதிதான் ஆல்பத்தின் முடிவு. தலைப்புப் பாட்டு ரேடியோவில் கேட்பதுபோல் மெலிதாகத் தொடங்கும். அப்போது சத்தத்தைக் கூட்டாதீர்கள், அப்புறம் இன்னொரு கிடார் பக்கத்திலேயே வந்து சேரும்.