கூட்டத்தில் வாய் திறக்கும் பயம் போனது எப்படி

பேச வேண்டிய நேரத்தில் தொண்டை அடைக்கும், அப்புறம் "இங்கே யார் கேட்கப் போகிறார்கள்" என்று மற்றவர்கள் மேல் பழியைப் போட்டுவிடுவேன். மூச்சுப் பயிற்சி, ஊக்கப் பேச்சு வீடியோ எதுவும் எடுபடவில்லை. தைரியம் வரட்டும் என்று காத்திருந்ததும் வீண்.

வேலை செய்தது, 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சையில் (நம் எண்ணங்கள் சரிதானா என்று சோதித்து மாற்றும் முறை) வரும் ஒரு சோதனை: என்ன நடக்கும் என்று பயப்படுகிறோமோ அதைப் பேசுவதற்கு முன்பே ஒரு வரியில் எழுதிவைத்து, பேசி முடித்ததும் நடந்ததோடு ஒப்பிடுவது. "எல்லோரும் சிரிப்பார்கள்" என்று எழுதியிருந்தேன். ஒருவர் கேள்வி கேட்டார், அவ்வளவுதான்.

பலர் தவறவிடுவது இதைத்தான்: "தப்பாக இருந்தால் மன்னிக்கவும்" என்று தொடங்கிப் பேசினால், அந்த மன்னிப்புதான் காப்பாற்றியது என்று மனம் எடுத்துக்கொள்ளும், பயம் அப்படியே இருக்கும். அந்த மன்னிப்பை விட்ட பிறகுதான் பயத்தின் பிடி தளர்ந்தது. கை இன்னும் லேசாக நடுங்கும், அது பாட்டுக்கு நடுங்கட்டும்.