ஆமணக்கு விதை போல் இருப்பது மட்டும்தான் உண்ணியா?

மாட்டைத் தடவிப் பார்த்து, ஆமணக்கு விதை போல ஊதிய உண்ணிகள் நாலைப் பிடுங்கிவிட்டு, சரி தீர்ந்தது என்று எழுந்துவிடுகிறோம். பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இது. ஊதியிருப்பது ரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி. ஆண் சிறியது, தட்டையாக ஒட்டிக் கிடக்கும். குஞ்சு கடுகைவிடச் சிறியது. அதற்கு ஆறு கால்தான், வளர்ந்தால் எட்டு. ஆறு கால் என்பதால் அதைப் பேன் என்று விட்டுவிடாதீர்கள். பேனுக்குத் தலை தனியாகத் தெரியும், உண்ணிக்கு உடம்பு முழுக்க ஒரே மூட்டை.

முதுகை மட்டும் பார்ப்பதும் வீண். காதுக்குள், அலைதாடியில், மடி இடுக்கில், வாலடியில் விரலை விட்டுத் துழாவ வேண்டும்.

எல்லா உண்ணியும் ஒன்று என்று நினைப்பதுதான் நமக்குப் பெரிய நஷ்டம். சாதாரண மாட்டுண்ணி குஞ்சிலிருந்து பெரிதாகும்வரை ஏறக்குறைய 3 வாரம் ஒரே மாட்டிலேயே இருக்கும். அது பரப்பும் பபேசியா என்ற ரத்த நோயில் மூத்திரம் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் போகும். இன்னொன்று பழுப்பு உடம்பும் காலில் வெளிர் வளையங்களும் கொண்ட ஹயலோம்மா. காய்ச்சலும் நெறிக்கட்டும் வரும் தைலேரியா நோயைக் கொண்டுவருவது இதுதான். ரத்தம் குடித்ததும் இறங்கிச் சுவர் வெடிப்பில் ஒளிந்துகொள்ளும். அதனால் மாட்டுக்கு மட்டும் மருந்தடித்தால் போதாது, கொட்டகைச் சுவர் வெடிப்புகளையும் பூச வேண்டும்.

எங்கள் ஜெர்சி கலப்பினக் கன்றுக்குக் காய்ச்சல் கண்டபோது வெயில் சூடு என்று மூன்று நாள் விட்டுவிட்டோம். முன்னங்கால் சப்பைக்கு முன்னால் நெறி கட்டியிருந்ததை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. கன்று பிழைக்கவில்லை. அன்றே டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

நாட்டு மாட்டுக்கு ஒன்றும் ஆகாது என்பதும் பாதி உண்மைதான். ஆலம்பாடி போன்ற நாட்டு மாடுகளில் உண்ணி குறைவாக ஏறும், நோயையும் ஓரளவு தாங்கும். ஆனால் வெளியே தெரியாமல் கிருமி உடம்பில் தங்கியிருந்தால், அதே கொட்டகையில் நிற்கும் கலப்பினத்துக்கு உண்ணி அதைக் கடத்திவிடும்.

அப்புறம், பிடுங்கியதைக் கீழே போடாதீர்கள். ஒரு பெண் உண்ணி 2000 முட்டைக்கு மேல் இடும். விரலால் நசுக்கவும் வேண்டாம், அந்த ரத்தத்தில் மனிதருக்கு ஆகாத கிருமியும் இருக்கலாம். கையுறை போட்டு, தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, மண்ணெண்ணெயில் போடுங்கள். மாட்டின் மேல் மண்ணெண்ணெய் தடவினால் தோல் வெந்துபோகும். நாலைந்து உண்ணிகளை மட்டும் மூடி போட்ட புட்டியில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். எது என்று பார்த்துவிட்டு மருந்தின் அளவையும் அவர்களே சொல்வார்கள்.